தோமஸ் லிங்கனின் மூன்று காணிகள்

ஆபிரகாம் லிங்கனைப் பற்றி நாங்கள் சிறுவயதில் படித்த புத்தகங்கள் எல்லாவற்றிலும் ஒரு மரக்குடிசை இருந்தது. அடுப்பு வெளிச்சத்தில் வாசிக்கும் ஒரு பையன் இருந்தான். நல்ல தாய் இருந்தாள். அவள் செத்தபிறகு வந்த, அவளிலும் குறையாத சிற்றன்னை இருந்தாள். தகப்பன் மட்டும் எங்கோ ஒரு மூலையில் நின்றார். அவரைப் பற்றி ஏதாவது சொன்னால் இரண்டு விடயம்தான்: எழுத வாசிக்கத் தெரியாதவர், ஓரிடத்தில் தரித்து நில்லாதவர். கென்டக்கியில் ஒரு காணியை விட்டு இன்னொரு காணிக்கு, அதை விட்டு இந்தியானாவுக்கு, அதையும் விட்டு இல்லினோய்க்கு என்று பெண்சாதி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரிந்தவர்.

இந்தச் சித்திரத்துக்குப் பெரும் பொறுப்பு வில்லியம் ஹேர்ண்டன் என்பவருடையது. லிங்கனோடு கூட்டாக வழக்கறிஞர் தொழில் செய்தவர். 1865இல் லிங்கன் கொல்லப்பட்டபின் நேரில் போயும் கடிதம் எழுதியும் அந்தக் குடும்பத்தை அறிந்தவர்களின் ஞாபகங்களைத் திரட்டினார். 1889இல் வந்த அவருடைய புத்தகத்தில் தோமஸ் லிங்கன் உருப்படாத ஒரு நாடோடியாக வருகிறார். அது ஞாபகம் வழங்கிய தீர்ப்பு. நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்திய ஒரு அயலவனைப் பற்றி, அவன் மகன் ஜனாதிபதியாகிச் செத்தபின், கேட்க வந்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்ன ஞாபகம். மகன் எவ்வளவு உயரமோ தகப்பன் அவ்வளவு பள்ளத்தில் கிடந்தால்தானே கதை நன்றாக இருக்கும்?

லூயிஸ் வாறன் என்பவர் வேறு வழியால் போனார். லிங்கன் பிறந்த பகுதியில் பாதிரியாராக இருந்தவர். கிழவர்களைக் கேட்பதை விட்டுவிட்டு, கென்டக்கியின் நீதிமன்றக் கட்டடங்களில் தூசி படிந்து கிடந்த வரிப் பட்டியல்களையும் உறுதிப் புத்தகங்களையும் வழக்குக் கட்டுகளையும் புரட்டினார். 1926இல் அவருடைய புத்தகம் வந்தது. அதில் இன்னொரு தோமஸ் லிங்கன் இருந்தார்.

நாங்கள் மூவர் குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் நூலகமொன்றின் வம்சாவழிப் பகுதியில் போயிருப்பது வழக்கம். சூடு நல்லாக இருக்கும், ஒருவரும் எழுப்ப மாட்டார்கள் என்பதுதான் முதற் காரணம். வெள்ளைக்காரக் கிழவர்கள் தங்கள் பூட்டனைத் தேடிக்கொண்டு படச்சுருளைச் சுற்றுவதைப் பார்த்து எங்களுக்கும் ஆசை வந்தது. எங்கள் பூட்டன்மாரின் தோம்பும் உறுதிகளும் இங்கே இல்லை. ஆகவே ஊரான் வீட்டுப் பூட்டனைத் தேடத் தொடங்கினோம். எங்களில் ஒருவர் யாழ்ப்பாணக் கச்சேரியில் காணிப் பகுதியில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். அவரை நாங்கள் கச்சேரி அண்ணை என்றே கூப்பிடுவோம். கென்டக்கி வரிப் பட்டியலின் முதற் பக்கத்தைக் கண்டதும் அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் தேத்தண்ணி குடிக்கக்கூட எழும்பவில்லை.

அந்தப் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1790இலும் 1800இலும் எடுத்த குடிசன மதிப்பீட்டில் கென்டக்கிக்குரிய ஏடுகள் இல்லாமற் போய்விட்டன. ஆகவே அந்தக் காலத்தில் அங்கே யார் இருந்தார்கள் என்பதற்கு வரிப் பட்டியலே சாட்சி. ஒவ்வொரு ஆண்டும் வரி ஆணையாளர் ஒருவர் தன் பகுதிக் குடிகளைப் பதிவார். பெயர், காணியின் பரப்பளவு, அது எந்த ஆற்றின் அல்லது ஓடையின் கரையில் இருக்கிறது, இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட வெள்ளை ஆண்கள் எத்தனை பேர், பதினாறுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் எத்தனை பேர், பதினாறுக்கு மேற்பட்ட கறுப்பர் எத்தனை பேர், மொத்தக் கறுப்பர் எத்தனை பேர், குதிரைகள் எத்தனை. இவற்றுக்குப் பக்கத்திலே இன்னும் மூன்று நிரல்கள். இந்தக் காணி முதலில் யார் பெயரில் பதியப்பட்டது, யார் பெயரில் அளக்கப்பட்டது, யார் பெயரில் அரசாங்கப் பட்டயம் கிடைத்தது.

இந்த மூன்று நிரல்களிலும் மூன்று வேறு பெயர்கள் இருப்பதும் உண்டு. உழுகிறவன் பெயர் நாலாவதாக இருக்கும். கச்சேரி அண்ணை அதைப் பார்த்துச் சிரித்தார்.

“இதென்ன காணியோ? வழக்கு. இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு வழக்கு வரும்.”

ஒரு வருடத்துப் பட்டியலை மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. வருடா வருடம் அடுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு பெயர் முதன்முதலாக எந்த ஆண்டில் வருகிறதோ அந்த ஆண்டில் அந்தப் பையனுக்கு இருபத்தொரு வயது ஆகியிருக்கலாம். குதிரை ஒன்றாக இருந்தது இரண்டானால் கை கொஞ்சம் தெளிந்திருக்கிறது. ஆண் பெயர் மறைந்து பெண் பெயர் வந்தால் அந்த வீட்டில் சாவு நடந்திருக்கிறது. ஒரு பெயர் அடியோடு காணாமற் போய் அடுத்த கவுண்டியின் பட்டியலில் தலைகாட்டினால் இடம்பெயர்வு. கவுண்டி என்பது எங்கள் மாவட்டத்திலும் சிறிய ஒரு நிருவாகப் பிரிவு. அதுவும் பிள்ளை பெற்றுக்கொண்டே போகும். லிங்கன் பிறந்தபோது அந்த இடம் ஹார்டின் கவுண்டி. 1843இல் அதிலிருந்து லறூ கவுண்டி பிரிந்தது. ஆகவே பிறந்த இடத்தைப் பார்க்கப் போகிறவர் ஓர் ஊருக்கும், அதன் பழைய காகிதத்தைப் பார்க்கப் போகிறவர் இன்னோர் ஊருக்கும் போக வேண்டும்.

“கந்தோர்ப் புத்தகம் பொய் சொல்லாது எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ,” என்றார் கச்சேரி அண்ணை. “அது பொய் சொல்லும். ஆனா ஒவ்வொரு வருசமும் ஒரே பொய்யைச் சொல்லாது.”

இனிப் பாட்டனிலிருந்து தொடங்குவோம். அவர் பெயரும் ஆபிரகாம்தான். வேர்ஜீனியாவில் றொக்கிங்ஹாம் கவுண்டியில் லின்வில் ஓடைக்கரையில் கமம் செய்தவர். குடிப்படையில் கப்டனாக இருந்தவர். கென்டக்கி அப்போது வேர்ஜீனியாவின் மேற்குப் பகுதி. 1779ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே காணி எடுப்பதென்றால் நாலு படி ஏற வேண்டும். திறைசேரியில் காசு கட்டி ஆணைச்சீட்டு வாங்க வேண்டும். பிறகு தனக்கு வேண்டிய இடத்தைச் சொல்லிப் பதிய வேண்டும். பிறகு சேவையரைக் கொண்டு அளப்பிக்க வேண்டும். கடைசியில்தான் ஆளுநரின் ஒப்பத்தோடு பட்டயம் வரும். நூறு ஏக்கருக்கு 40 பவுண், அதுவும் மதிப்பிழந்துகொண்டிருந்த காகிதக் காசு. 1780 மார்ச்சில் கப்டன் ஆபிரகாம் 160 பவுண் கட்டி 400 ஏக்கருக்கு ஆணைச்சீட்டு வாங்கினார். அதில் அவருடைய பெயர் ‘லிங்க்ஹோர்ன்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. எழுதுவினைஞரின் காதில் விழுந்தது அப்படி. எங்கள் பெயர்களையும் தகப்பன் பெயர்களையும் முன்பின்னாக மாற்றிப்போட்ட விமானநிலையக் கந்தோர்களைக் கண்ட எங்களுக்கு இதில் ஒரு புதினமும் இல்லை. ஆனால் இந்த ஒரு எழுத்துப் பிழையால் பின்னால் தேடுகிறவன் எத்தனை நாளை இழக்கிறான் என்பதைப் படச்சுருள் சுற்றிப் பார்த்தவர்தான் சொல்லலாம். ‘லிங்கன்’ என்ற சொல்லின் கீழ் மட்டும் தேடினால் இந்த மனிதர் காணி வாங்கவே இல்லை.

1785இல் லோங் றன் என்ற ஓடைக்கரையில் அந்தக் காணி அளக்கப்பட்டது. 1786இல் பிள்ளைகளோடு வயலில் நின்றபோது பழங்குடி வீரன் ஒருவனால் அவர் கொல்லப்பட்டார். மூத்தவன் மோர்டெக்காய் வீட்டுக்குள் ஓடித் துவக்கெடுத்துச் சுட்டான். தகப்பனின் பிரேதத்துக்குப் பக்கத்தில் நின்ற, ஆண்பிள்ளைகளில் கடைசிதான் தோமஸ். இந்தக் கதையைத் தோமஸ் வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறார்; மகனுடைய மனதில் எல்லாவற்றிலும் ஆழப் பதிந்த கதை இதுவே.

கதை சொல்லாத ஒன்றைச் சட்டப் புத்தகம் சொல்லுகிறது. உயில் எழுதாமல் செத்தவனின் காணி முழுவதும் மூத்த ஆண்பிள்ளைக்கே என்ற பழைய ஆங்கில வழமை வேர்ஜீனியாவில் அந்த ஆண்டுக் கடைசிவரை இருந்தது. அதை ஒழிக்கும் சட்டம் 1785இல் நிறைவேறி, 1787 ஜனவரி முதலாம் திகதியிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. கப்டன் ஆபிரகாம் செத்தது 1786இல். சில மாதம் பிந்திச் செத்திருந்தால் ஆயிரக்கணக்கான ஏக்கரில் தோமசுக்கும் ஒரு பங்கு விழுந்திருக்கும். எல்லாம் மோர்டெக்காய்க்குப் போனது. தோமஸ் கூலிவேலைக்குப் போனார், பள்ளிக்கூடம் போகவில்லை, தச்சுத்தொழில் பழகினார். தன் பெயரை ஒருவாறு கையெழுத்தாக வைக்க மட்டும் தெரிந்துகொண்டார்.

கூலிவேலை செய்து சேர்த்த காசில் 1803இல் தோமஸ் ஒரு காணி வாங்கினார். மில் கிறீக் என்ற ஓடைக்கரையில் 238 ஏக்கர். விலை 118 பவுண். எங்கள் கணக்கில் 3808 பரப்பு. இருபத்தைந்து வயதை ஒட்டிய, தகப்பன் சொத்தில் ஒரு சதமும் காணாத ஒருவன் முழுக்காசு கொடுத்து இவ்வளவு வாங்கியிருக்கிறான் என்றால் அவனைச் சோம்பேறி என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. 1814இல் அதை விற்கப் போனபோது எல்லைப் பதிவில் பிழை இருந்தது தெரியவந்தது. 238 ஏக்கர் 200 ஏக்கராகிவிட்டது. 100 பவுணுக்கு விற்றார். காணி பதினொரு வருடத்தில் 38 ஏக்கர் சுருங்கிப்போனது. எங்கள் ஊரில் கதியாலை வருடத்துக்கு ஒரு அங்குலமாக நகர்த்துகிற அயலவன்கூட இந்த வேகத்தில் சுருக்கியதில்லை.

இது எப்படி நடந்தது என்றால், கென்டக்கியில் அரசாங்கம் முதலில் அளந்து பிறகு விற்கவில்லை. ஆணைச்சீட்டு வாங்கியவன் தானே காட்டுக்குள் போய்த் தனக்குப் பிடித்த துண்டைச் சுற்றி ஒரு கோடு போட்டுக்கொண்டான். ஒரு வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கே இத்தனை பாகையில் இத்தனை கம்பு தூரம் போய், இரண்டு ஹிக்கரி மரம், அங்கிருந்து ஓடையின் வளைவு என்று எழுதுவார்கள். ஒரு கம்பு என்பது பதினாறரை அடி. நாங்கள் ஊரில் பேர்ச் என்று சொல்கிற அதே வெள்ளைக்கார அளவுதான். 160 சதுரக் கம்பு ஒரு ஏக்கர். மரம் விழுந்துவிடும். ஓடை வழி மாறிவிடும். பக்கத்தில் கோடு போட்டவனின் சேவையர் வேறொரு ஓக் மரத்தில் தொடங்கியிருப்பான். கூரையிலே ஓலைக்கு மேல் ஓலை கிடப்பதுபோல் ஒரே நிலத்தின்மேல் மூன்று நாலு உரித்துகள் கிடந்தன. டானியல் பூன் என்று அமெரிக்கர் கொண்டாடும் கென்டக்கி வழிகாட்டியே தன்னுடைய காணிகளை இப்படித்தான் இழந்து மிசூரிக்குப் போனார்.

இரண்டாவது காணி சிங்கிங் ஸ்பிறிங். நிலத்துக்குள் இறங்கி மறையும் ஒரு ஊற்று அங்கே இருந்ததால் அந்தப் பெயர். 1808 டிசம்பரில் தோமஸ் 200 டொலர் காசாகக் கொடுத்து முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட அந்தக் காணியை வாங்கினார். 1809 பெப்ரவரி 12இல் ஆபிரகாம் அங்கே பிறந்தான். இன்றைக்கு அங்கே ஐம்பத்தாறு கருங்கற்படிகள் ஏறிப் போனால் ஒரு நினைவு மண்டபமும், அதற்குள்ளே ஒரு மரக்குடிசையும் இருக்கின்றன. அந்தக் குடிசை லிங்கன் பிறந்த குடிசை அல்ல. அந்த இடத்தில் உண்மையாக மிஞ்சியிருந்த சாட்சி ஒரு ஓக் மரம். 1805ஆம் ஆண்டு அளவையில் எல்லையாகக் குறிக்கப்பட்ட மரம் அது. 1976வரை உயிரோடு நின்றது.

அந்தக் காணியின் வில்லங்கத்தைக் கேளுங்கள். முதலில் விற்றவர் ஒருவர். அவரிடம் வாங்கியவர் காசில் மிச்சம் வைத்துவிட்டு இன்னொருவருக்கு விற்றார். அவர் தோமசுக்கு விற்றார். முதலாமவர் தன்னுடைய மிச்சக் காசுக்காக 1813இல் எல்லோரையும் சேர்த்து வழக்குப் போட்டார். காசு முழுக்கக் கொடுத்தவரும் கடன் வைத்தவரும் ஒரே கூட்டில் நின்றார்கள். கடைசியில் காணி ஏலத்துக்குப் போனது. 87 டொலர் 74 சதம். கச்சேரி அண்ணை இந்த வழக்கின் சுருக்கத்தை வாசித்துவிட்டு, ஊரில் தனக்குத் தெரிந்த இதே மாதிரியான நாலு வழக்கைச் சொன்னார். நாலாவது வழக்கு முப்பது வருடம் நடந்ததாம். முடிவதற்கு முன் சண்டை தொடங்கி, காணிக்காரர் எல்லோரும் வெளிநாட்டுக்கு வந்துவிட்டார்களாம்.

வழக்குக்கு முன்னமே, 1811இல், குடும்பம் பத்து மைல் தள்ளி நொப் கிறீக் என்ற பள்ளத்தாக்குக்குப் போயிருந்தது. ஆபிரகாம் லிங்கனின் முதல் ஞாபகம் இந்த இடம்தான். 1860இல் ஒரு கடிதத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறார். நல்ல மண். பக்கத்தால் பெருந்தெரு போனது. அங்கேயும் காகிதம் பின்னால் வந்தது. பிலடெல்பியாவில் இருந்த மிடில்டன் என்பவரின் வாரிசுகள், அந்தப் பள்ளத்தாக்கு உட்பட 10,000 ஏக்கர் தங்கள் தகப்பனுக்குப் பட்டயமாகக் கிடைத்தது என்று சொல்லி, அங்கே கமம் செய்த பத்துக் குடும்பங்களை எழுப்ப வழக்குப் போட்டார்கள். பத்தில் ஒன்றை மாதிரி வழக்காக எடுத்தார்கள். அது தோமஸ் லிங்கனுடையது.

1816 டிசம்பரில் தோமஸ் குடும்பத்தோடு ஒகையோ ஆற்றைக் கடந்து இந்தியானாவுக்குப் போய்விட்டார். வழக்கின் தீர்ப்பு 1818இல் வந்தது. தோமஸ் வென்றார். வென்ற காணியில் அவர் இல்லை.

இனி வரிப் பட்டியலுக்குத் திரும்பலாம். ஒவ்வொரு காணியும் கைநழுவிக்கொண்டிருந்த இந்த ஆண்டுகளில் அந்த மனிதனின் நிலை என்ன? 1814ஆம் ஆண்டுப் பட்டியலில் அவருடைய பகுதியில் சொத்துள்ளவர்களாகக் காட்டப்பட்ட 98 பேரில் தோமஸ் லிங்கன் பதினைந்தாவது. காணி இருந்தது, குதிரைகள் இருந்தன, வரி கட்டியிருக்கிறார். நீதிமன்றப் புத்தகங்களில் அவர் பெயர் யூரிகளில் ஒருவராக வருகிறது. 98 பேரில் எண்பத்துமூன்று பேர் அவருக்குக் கீழே. ஹேர்ண்டனுக்கு ஞாபகம் சொன்னவர்கள் இந்த எண்பத்துமூன்று பேரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர்களில் ஒருவருடைய மகனும் ஜனாதிபதியாக வரவில்லை.

ஊரில் ஒரு கதை இருந்தது: தோமசும் நான்சி ஹாங்சும் முறைப்படி கலியாணம் முடிக்கவில்லை என்று. ஹார்டின் கவுண்டிப் புத்தகங்களில் பதிவு இல்லை என்பதுதான் அந்தக் கதைக்கு ஆதாரம். அரசியல் எதிரிகளுக்கு அது போதும். 1878இல், லிங்கன் செத்துப் பதின்மூன்று வருடம் கழித்து, பக்கத்து வாஷிங்ரன் கவுண்டியின் நீதிமன்றத்தில் அந்தக் கலியாணப் பிணைமுறி கண்டெடுக்கப்பட்டது. 1806 ஜூன் 10ஆம் திகதி, 50 பவுண் பிணை, தோமசின் கையெழுத்து. இரண்டு நாள் கழித்துப் பாதிரியார் கலியாணத்தை நடத்தி வைத்திருக்கிறார். பெண்வீட்டார் அந்தக் கவுண்டிக்காரர். ஆகவே காகிதமும் அங்கேதான் இருந்தது. பக்கத்துப் பெட்டியைத் திறந்து பார்க்க எழுபத்திரண்டு வருடம் எடுத்திருக்கிறது. கலியாண எழுத்துப் பத்திரத்தைத் தொலைத்துவிட்டு அகதி விசாரணை மேசைக்கு முன்னால் இருந்தவர்களுக்கு, ஒரு காகிதம் இல்லாவிட்டால் மனிதன் என்ன ஆகிறான் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவும் தோமசின் பக்கம். இதே ஏடுகள் வேறு சிலவற்றையும் சொல்லுகின்றன. அவற்றை விட்டுவிட்டு எழுதினால் நாங்கள் ஹேர்ண்டனைக் குறை சொல்ல முடியாது.

பதினாறுக்கு மேற்பட்ட கறுப்பர், மொத்தக் கறுப்பர் என்று இரண்டு நிரல்கள் இருந்ததாகச் சொன்னோம். அந்த நிரல்களில் பெயர் கிடையாது. இலக்கம் மட்டும். அடுத்த நிரலில் குதிரைகளுக்கும் இலக்கம்தான். 1811இல் ஹார்டின் கவுண்டியில் பதினாறுக்கு மேற்பட்ட வெள்ளை ஆண்கள் 1,627 பேர். அடிமைகள் 1,007 பேர். தோமசின் நிரலில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அதைக் கண்டு நாங்கள் சந்தோசப்பட்டது உண்மை. ஆனால் 1805ஆம் ஆண்டு நீதிமன்றப் புத்தகத்தில் அவர் பெயர் இன்னோரிடத்தில் வருகிறது. அனுமதிச்சீட்டு இல்லாமல் தெருவில் நடமாடும் அடிமைகளைப் பிடிக்கும் சுற்றுக்காவலர் நாலு பேரில் அவரும் ஒருவராக நியமிக்கப்பட்டிருக்கிறார். கச்சேரி அண்ணை இதை இரண்டாம் தடவை சத்தமாக வாசிக்கச் சொன்னார். பிறகு ஒன்றும் பேசவில்லை. பாஸ் எடுத்துக்கொண்டு தெருவால் போன ஆட்கள் நாங்கள். அடையாள அட்டையைக் கேட்டு மறித்தவனின் முகம் இன்னமும் எங்களுக்குத் தெரியும். தோமசின் முகத்தை அப்படி ஞாபகம் வைத்திருந்த கறுப்பர் யாராவது இருந்திருந்தால் அவர்களிடம் போய் ஹேர்ண்டன் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு நிரலும் இல்லாதவர்கள் இன்னொரு கூட்டம். கென்டக்கிக் காடுகளில் வேட்டையாடிய ஷோனி மக்களைக் கேட்காமல் 1768இல் இறொக்குவா மக்களிடம் அந்த நிலத்துக்கு எழுத்து வாங்கினார்கள். 1775இல் அதே நிலத்துக்குச் செறோக்கி மக்களிடம் இன்னொரு எழுத்து. ஒரே காணியை இரண்டு பேரிடம் வாங்குகிற வில்லங்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. உரித்துடையவனைக் கேட்காமல் எழுதிய உறுதியின்மேல்தான் பிறகு எழுதிய உறுதிகள் எல்லாம் அடுக்கப்பட்டன. கப்டன் ஆபிரகாமைச் சுட்டவனுக்கு இந்தக் காகிதங்கள் எதிலும் பெயர் இல்லை.

இந்தியானா வேறு விதம். 1785ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய அரசாங்கம் நிலத்தை முதலில் சதுரங்கப் பலகைபோல் அளந்தது. ஆறு மைல் சதுரம் ஒரு தொகுதி. அதற்குள் முப்பத்தாறு பிரிவு. ஒரு பிரிவு 640 ஏக்கர். அதில் கால்வாசி 160 ஏக்கர். மரமும் ஓடையும் எல்லைக்கு வேண்டாம். இரண்டு கோடு சந்திக்கிற இடம் போதும். அந்த மண்ணையும் 1804இல் டெலவெயர், பியாங்கஷோ மக்களிடம் எழுத்து வாங்கித்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அடிமை வைத்திருப்பது 1787ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கே தடை.

1817 ஒக்ரோபர் 15இல் தோமஸ் வின்சென்ஸ் காணிக் கந்தோருக்குப் போனார். தென்மேற்குக் கால், பிரிவு 32, தொகுதி 4 தெற்கு, நிரை 5 மேற்கு. கந்தோர்ப் புத்தகத்தில் இவ்வளவுதான் விபரம். அந்தக் கந்தோரின் எல்லைக்குள் வேறெந்தக் காணியும் இந்த விபரத்துக்குள் அடங்காது. ஏக்கர் இரண்டு டொலர், காலில் ஒரு பங்கு முதலில். அன்றைக்கு 16 டொலர் கட்டினார். டிசம்பருக்குள் இன்னும் 64. மிச்சம் 240 டொலர் கடைசிவரை கட்டி முடியவில்லை. 1818 ஒக்ரோபரில் நான்சி பால்நோயால் செத்துப்போனாள். விசச்செடி தின்ற மாட்டின் பாலைக் குடிப்பதால் வருவது அந்த நோய் என்பது அப்போது அந்த மக்களுக்குத் தெரியாது. ஊரெல்லாம் காசு முடை வந்தபோது, காணியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து கட்டிய காசை மிச்சப் பகுதிக்குக் கணக்கு வைக்கலாம் என்று அரசாங்கம் சட்டம் செய்தது. தோமஸ் 80 ஏக்கரை விட்டுக்கொடுத்தார். மிச்ச 80 ஏக்கருக்கு 1827 ஜூன் 6ஆம் திகதியிட்ட பட்டயம் வந்தது.

அந்தப் பட்டயத்தின் படத்தை இன்று யாரும் வீட்டிலிருந்தே கணினியில் எடுத்துப் பார்க்கலாம். நாங்கள் பார்த்தோம். கச்சேரி அண்ணை பிரிவு இலக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டு ஒத்துப் பார்த்தார்.

“இது சுத்தமான உறுதி. ஒரு வில்லங்கமும் இல்லை,” என்றார். தன் பிள்ளைக்குச் சீதனக்காணி பார்த்து முடித்த ஆளைப்போல.

ஆபிரகாம் லிங்கனுக்கு இவற்றில் எவ்வளவு தெரியும்? வம்சத்தை அறிய அவர் ஆசைப்பட்டார். 1848இல் மாசச்சூசெற்சில் ஹிங்ஹாம் என்ற ஊரிலிருந்த ஒரு லிங்கனுக்கும், வேர்ஜீனியாவிலிருந்த இன்னொரு லிங்கனுக்கும் கடிதம் எழுதிக் கேட்டார். பென்சில்வேனியாவில் பேர்க்ஸ் கவுண்டிவரை போக முடிந்தது. அதற்கப்பால் இரண்டு பக்கத்திலும் மோர்டெக்காய், ஆபிரகாம், சொலமன் என்ற ஒரே மாதிரியான பெயர்கள் வருகின்றன என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை என்று 1859இல் எழுதினார். 1637இல் இங்கிலாந்திலிருந்து ஹிங்ஹாமுக்கு வந்த சாமுவேல் லிங்கன் என்பவரே அந்தக் குடும்பத்தின் முதல் ஆள் என்பதைப் பின்வந்தவர்கள் நிறுவினார்கள். அவர் பிழையான இடத்தில் கேட்கவில்லை. சரியான ஊருக்கே கடிதம் போட்டிருந்தார்.

தகப்பனைப் பற்றி அவர் அதிகம் எழுதவில்லை. எழுதியதிலும் அன்பு குறைவு. ஆனால் ஒரு விடயத்தில் வழக்கறிஞனுக்குரிய நிதானத்தோடு உண்மையைச் சொன்னார். 1860இல் தேர்தலுக்காக எழுதிக் கொடுத்த தன்வரலாற்றில், கென்டக்கியை விட்டது ஓரளவுக்கு அடிமைமுறை காரணமாக, ஆனால் முக்கியமாகக் காணி உரித்துத் தொல்லையால் என்கிறார். ஹேர்ண்டன் தேடித் திரிந்த விடை இந்த ஒரு வசனத்துக்குள் கிடந்தது. இளம் வயதில் லிங்கன் செய்த வேலைகளில் ஒன்று நில அளவை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1830களில் இல்லினோயில் சங்கமன் கவுண்டியின் உதவிச் சேவையராகச் சங்கிலி பிடித்து அளந்திருக்கிறார். பிழையாக அளந்தால் ஒரு குடும்பத்துக்கு என்ன நடக்கும் என்பதை அவருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அப்படியிருந்தும் தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் ஏதோ முறிந்திருந்தது. இதை நாங்கள் வாசிக்கும்போது அறையில் கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. வந்த நாட்டில் படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகள், தொழிற்சாலை இரவுவேலையிலும் உணவகக் கோப்பை கழுவலிலும் ஓய்ந்துபோன தகப்பன்மாரைப் பார்க்கும் பார்வை எங்களுக்குத் தெரிந்ததுதான். ஊரில் எங்களுக்கு என்ன இருந்தது, அது எப்படிப் போனது என்று பிள்ளைகள் கேட்பதில்லை. நாங்கள் சொன்னாலும் அது ஒரு கிழவனின் கதை. பதினைந்தாவது இடம் என்று காட்ட எங்களிடம் ஒரு பட்டியலும் இல்லை.

1830இல் தோமஸ் மீண்டும் எழும்பி இல்லினோய்க்குப் போனார். அங்கேயும் இரண்டு மூன்று இடம் மாறிக் கடைசியில் கோல்ஸ் கவுண்டியில் தங்கினார். 1841இல் அங்கே ஓர் உறுதி முடிந்திருக்கிறது. தோமஸ் லிங்கன் தன் காணியில் 40 ஏக்கரை மகன் ஆபிரகாமுக்கு 200 டொலருக்கு எழுதிக் கொடுக்கிறார். தகப்பனும் சிற்றன்னையும் உயிரோடு இருக்கும்வரை அந்தக் காணியை அவர்களே அனுபவிக்கலாம் என்பது ஏற்பாடு. கச்சேரி அண்ணை உடனே அதற்கு எங்கள் நொத்தாரிசு எழுதுகிற சொல்லைச் சொன்னார்: சீவிய உருத்து.

தோமஸ் அந்தக் காணியில் 1851 ஜனவரி 17இல் செத்தார். சாகக் கிடந்தபோது வரச்சொல்லி எழுதியிருந்தார்கள். மகன் போகவில்லை, செத்தவீட்டுக்கும் போகவில்லை. சிற்றன்னை சாறா 1869இல் சாகும்வரை அந்தக் காணியில் சீவித்தாள். அந்த 40 ஏக்கரைப் பற்றி ஒருவரும் வழக்குப் போடவில்லை.